வாதியில் தண்ணீர் ஓடினால் வண்டியை நிறுத்துங்கள்

(ஓமன் பயணம்: வாசகர் கேள்விகளும் டீச்சரின் பதில்களும்)

ஓமனுக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் அறிவித்திருந்தார்கள். மஸ்கட்டில் ஓர் இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சராக ரொம்ப காலம் இருந்தவள் என்பதால் கடிதக் கட்டை அப்படியே என்னிடம் தள்ளிவிட்டார் ஆசிரியர். பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே ரகம்: தலையை மூடணுமா, பொட்டு வைக்கலாமா, போலீஸ் பிடிக்குமா. தண்ணீரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பாலைவன நாட்டில் தண்ணீருக்கு என்ன பயம் என்று நினைத்திருப்பீர்கள். அங்கே நான் பயந்தது வாதி என்கிற காட்டாற்றுத் தண்ணீருக்கு மட்டும்தான். நடுவில் சொல்கிறேன்.

மகன் மஸ்கட்டில் வேலை செய்கிறான். மே மாத விடுமுறையில் எங்கள் இருவரையும் பேரப்பிள்ளைகளோடு வரச் சொல்கிறான். எனக்கு வயது 63. போகலாமா?
- வாசகி, மயிலாடுதுறை

மே மாதம் வேண்டாம் அம்மா. மகன் ஆசையில் கூப்பிடுகிறான். அவன் இருப்பது ஏசி அறையில், ஏசி காரில், ஏசி ஆபீஸில். மே, ஜூனில் மஸ்கட்டில் பகல் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஊரைச் சுற்றி மொட்டைக் கருங்குன்றுகள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். கோடையில் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். அதனால் அங்கே குடும்பங்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கின்றன. ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். வீட்டுக்குள் இருக்கும் ஹீட்டர் தொட்டியில் தண்ணீர் ஆறியிருக்கும். குளிப்பதற்கு 'சுடுதண்ணீர்' குழாயைத் திறப்பார்கள். பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும், உங்களுக்கு இருக்காது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். நம் மார்கழியில் மஸ்கட்டின் பகல் 25 டிகிரி சுமார், மாலையில் மெல்லிய சால்வை போதும். நவம்பர் 20-ஐ ஒட்டித் தேசிய தினம் வரும். ஊர் முழுக்க சிவப்பு, வெள்ளை, பச்சை விளக்குகள் போட்டிருப்பார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறதே என்றால் அரையாண்டு விடுமுறையில் கூட்டிப் போங்கள்.

ரமலான் எப்போது வருகிறது என்றும் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். அந்த மாதத்தில் பகலில் பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. அது சட்டம். ஹோட்டல் அறைக்குள்ளோ மகன் வீட்டிலோ சாப்பிட்டுக்கொள்ளலாம். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் அந்த மாதத்தில் வெளியே சுற்றத் திட்டம் போட வேண்டாம்.

விசா எப்படி எடுப்பது? எவ்வளவு பணம் மாற்றிக்கொண்டு போக வேண்டும்? என் மாமா 2000-களில் அங்கே வேலை பார்த்தபோது வைத்திருந்த ரியால் நோட்டுகள் வீட்டில் கிடக்கின்றன.
- எஸ். ஆர்., திருச்சி

விசா ராயல் ஓமன் போலீஸின் இ-விசா தளத்தில் நேரடியாகவே எடுக்கலாம். பத்து நாள் சுற்றுலா விசாவுக்கு 5 ரியால், ஒரு மாதத்துக்கு 20 ரியால். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் நடப்பு விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் 14 நாள் வரை விசா இல்லாமலே விடுகிறார்கள். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு, மருத்துவக் காப்பீடு கையில் இருக்க வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி மாறும், டிக்கெட் போடும் முன் அதே தளத்தில் ஒரு தடவை பாருங்கள். நாள் கடந்து தங்கினால் ஒரு நாளுக்கு 10 ரியால் அபராதம். ஒரு ரியால் இருநூறு ரூபாய்க்கு மேல் என்பதால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மாமாவின் நோட்டுகளைப் பத்திரமாக ஆல்பத்தில் ஒட்டிவையுங்கள். 2020-க்கு முந்தைய ரியால் நோட்டுகளை ஓமன் மத்திய வங்கி 2024 டிசம்பரோடு செல்லாது என்று அறிவித்துவிட்டது. ஊரில் யாராவது பழைய நோட்டைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள்.

பணத்தில் இன்னொன்று. ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா. அதனால் விலைச்சீட்டில் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் இருக்கும். 1.500 என்றால் ஒன்றரை ரியால். புதிதாக வருகிறவர்கள் இதை ஆயிரத்து ஐந்நூறு என்று படித்துவிட்டுக் கடையை விட்டு ஓடுவதும் உண்டு, வெறும் ஒன்றரைதானே என்று வாரிப்போட்டுக்கொண்டு பில்லைப் பார்த்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு. ஒன்றரை ரியால் முந்நூறு ரூபாய்க்கு மேல். கணக்கு டீச்சர் சொல்கிறேன், மனசுக்குள் இருநூற்றால் பெருக்கிவிட்டு அப்புறம் எடுங்கள். பெரிய கடைகளில் கார்டு ஓடும். டாக்ஸிக்கும் டீக்கடைக்கும் 100 பைசா, அரை ரியால் நோட்டுகளாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

புடவை கட்டிக்கொண்டு போகலாமா? தாலி, பொட்டு? தலையை மூட வேண்டுமா? பெரிய மசூதிக்குள் நம்மை விடுவார்களா?
- வாசகி, காரைக்குடி (இதே கேள்வியை இன்னும் பலர்)

தாராளமாகக் கட்டுங்கள், தாராளமாக வையுங்கள். நான் அத்தனை காலமும் பருத்திப் புடவையும் பொட்டுமாகத்தான் பள்ளிக்குப் போனேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குஜராத்தி வணிகர்கள் பல தலைமுறைகளாக அங்கே இருக்கிறார்கள். பழைய மஸ்கட்டில் சுல்தானின் அரண்மனைக்குப் பக்கத்திலேயே சிவன் கோயில், தார்சைத்தில் கிருஷ்ணன் கோயில். சிவராத்திரி அன்று அந்தச் சின்னக் கோயிலுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தால் உங்கள் கேள்வியே மறந்துவிடும்.

தெருவில் தலையை மூடத் தேவையில்லை. தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும், இது ஆண்களுக்கும் சேர்த்து. அரை டிராயரோடு முத்ரா கடைத்தெருவில் திரியும் நம் ஆட்களைப் பார்த்தால் எனக்கே கூசும்.

சுல்தான் காபூஸ் பெரிய மசூதி 2001-ல் திறந்தது. முஸ்லிம் அல்லாதவர்கள் வெள்ளி தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் 11 வரை உள்ளே போகலாம். அங்கே மட்டும் பெண்கள் தலைமுடி தெரியாமல் மூட வேண்டும், கை மணிக்கட்டு வரை, கால் கணுக்கால் வரை. புடவையில் இடுப்பு தெரியும், கை தெரியும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். முழுக்கைச் சுடிதாரும் பெரிய துப்பட்டாவும் போட்டுப் போங்கள். இல்லையென்றால் அங்கேயே அபாயா என்கிற நீள அங்கி வாடகைக்குக் கிடைக்கும். எட்டு மணிக்கே போய்விடுங்கள். பத்து மணிக்குச் சுற்றுலா பஸ்கள் வந்து இறங்கிவிடும், அப்புறம் பளிங்கு முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயில். உள்ளே ஒரே விரிப்பாக 70 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலத்தில் இரானியக் கம்பளம். சுமார் 21 டன் எடை, நெய்து முடிக்க நான்கு ஆண்டு. எல்லோரும் தலையைத் தூக்கிச் சரவிளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் குனிந்து கம்பளத்தையும் பாருங்கள்.

நாங்கள் நான்கு நண்பர்கள். கார் வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டிக்கொண்டு நிஸ்வா, வாதி ஷாப், மலை எல்லாம் போக எண்ணம். ஏதாவது எச்சரிக்கை உண்டா?
- எம். கே., கோயம்புத்தூர்

உண்டு. நிறைய உண்டு. இந்தக் கடிதத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுலபமானவை. சாலையில் வலது பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடது பக்கம். ஊரிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு போங்கள். நெடுஞ்சாலையில் 120 வரை போகலாம். அதைத் தாண்டினால் காரே டிங் டிங் என்று மணியடிக்கும். நம் பையன்கள் அதைப் பாட்டுச் சத்தத்தில் அமுக்கிவிடுவார்கள், ஆனால் வழியெல்லாம் இருக்கிற கேமரா அமுங்காது. ரவுண்டானாவில் உள்ளே சுற்றுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. பெட்ரோல் லிட்டர் கால் ரியாலுக்கும் குறைவு. கார் அழுக்காக இருந்தாலும் அபராதம் போடுவார்கள், இது கதையில்லை. அவசரத்துக்கு 9999.

ராத்திரி பாலைவனச் சாலையில் ஓட்டாதீர்கள். ஒட்டகம் நிற்கும். அதன் கால் உயரத்துக்கு உங்கள் கார் விளக்கு அடிக்கும், உடம்பு இருட்டில் இருக்கும். மோதினால் கால் மடிந்து உடம்பு மொத்தமும் முன் கண்ணாடி மேல் விழும்.

இப்போது தண்ணீர். அங்கே மலைகளுக்கு நடுவே காய்ந்து கிடக்கிற ஆற்றுப் படுகையை வாதி என்பார்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் கூழாங்கல்லும் கருவேலமும்தான். சாலைகள் பல இடங்களில் பாலம் இல்லாமல் அந்தப் படுகைக்குள் இறங்கி ஏறும். மழை பெய்வது தூரத்து மலையில். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலை வெறும் பாறை, ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்காது. மொத்தமும் திரண்டு காப்பி நிறத்தில் கல்லும் மரமுமாக வரும். முழங்கால் அளவுதானே என்று வண்டியை இறக்குவார்கள். அந்த வேகத்தில் முழங்கால் தண்ணீரே காரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும், பெரிய நான்கு சக்கர இழுவை வண்டியானாலும் சரி.

2024 ஏப்ரலில் சமத் அஷ்ஷான் என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகள் இருந்த வண்டியை வாதி அடித்துக்கொண்டு போனது. நான் ஊர் திரும்பிய பிறகு நடந்தது. தஞ்சாவூரில் உட்கார்ந்து டிவியில் பார்த்துவிட்டு அன்று ராத்திரி தூங்கவில்லை. எங்கள் பள்ளியிலும் மலைப்பக்கம் மேகம் கறுத்தாலே பஸ்ஸை முன்கூட்டி விட்டுவிடுவோம், இல்லையென்றால் பிள்ளைகளை வெளியே விடவே மாட்டோம்.

ஆகவே தம்பி, வாதியில் தண்ணீர் ஓடினால் வண்டியை நிறுத்திவிட்டு மேட்டில் ஏறி உட்காருங்கள். இரண்டு மணி நேரமோ ஆறு மணி நேரமோ, வடியும். முன்னால் போகிற உள்ளூர் வண்டி கடந்துவிட்டதே என்று பின்னாலேயே போகாதீர்கள். ஓடுகிற வாதியில் வேண்டுமென்றே வண்டியை இறக்குவது குற்றம், அபராதமும் ஜெயிலும் உண்டு. வாதிக்குள் கூடாரம் போட்டுப் படுப்பதும் கூடாது, மணல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும்.

வாதி ஷாப் போகிறீர்கள் என்றால் யாருக்கு நீச்சல் தெரியும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் படகில் சின்னத் தொகை கொடுத்துக் கடந்து, முக்கால் மணி நேரம் பாறையிலும் பேரீச்சந்தோப்பிலும் நடக்க வேண்டும். அதற்கப்புறம் குளம் குளமாகத் தண்ணீர். கடைசியில் தலை மட்டும் நுழைகிற பாறை இடுக்கில் நீந்திப் போனால் உள்ளே குகைக்குள் அருவி. அழகுதான். நீச்சல் தெரியாதவர் முதல் குளத்துக் கரையில் உட்கார்ந்து எல்லோருடைய பையையும் பார்த்துக்கொள்ளட்டும், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

மலைக்கு, அதாவது ஜபல் அக்தருக்கு, பிர்கத் அல் மோஸ் என்ற ஊரில் போலீஸ் சோதனைச் சாவடி இருக்கிறது. நான்கு சக்கர இழுவை வண்டி இல்லையென்றால் அங்கேயே திருப்பிவிடுவார்கள். கார் எடுக்கும்போதே யோசியுங்கள். மேலே சுமார் 2,000 மீட்டர். மார்ச் கடைசியிலிருந்து மே முதல் வாரங்கள் வரை ரோஜா பூக்கும், வீட்டு அடுப்பிலேயே பன்னீர் வடிப்பார்கள். இறங்கும்போது முதல், இரண்டாம் கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மிதித்தபடி வந்தால் பாதி வழியில் புகை வரும்.

நிஸ்வாவை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மஸ்கட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏழு மணிக்குக் கோட்டைக்குப் பக்கத்தில் ஆட்டுச்சந்தை. வாங்குகிறவர்கள் வட்டமாக நிற்க, விற்கிறவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு விலையைக் கூவியபடி வட்டத்துக்குள் சுற்றி வருவார். வேண்டியவர் கை தட்டி நிறுத்திப் பல்லைப் பிரித்துப் பார்ப்பார். ஒன்பது மணிக்குள் கலைந்துவிடும். தொழுகை நேரம் வந்தால் கடைகள் எல்லாம் மூடி, ஊர் மாலை வரை அசையாது.

நாங்கள் சைவம். பருப்புப்பொடி, ஊறுகாய், மசாலா எடுத்துப் போகலாமா? என் கணவர் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்.
- வாசகி, சேலம்

சைவத்துக்குக் கவலையே வேண்டாம். மஸ்கட்டின் ரூவி பகுதியில் இறங்கினால் இட்லி வாசனை வழி காட்டும். வெளியூர்களில் மலையாளிகளின் 'காபி ஷாப்' இல்லாத பெட்ரோல் பங்க் அபூர்வம். பொரோட்டாவுக்குள் சீஸைத் தடவி, ஓமன் சிப்ஸ் பாக்கெட்டை நொறுக்கிக் கொட்டிச் சுருட்டித் தருவார்கள். வாயில் வைக்கும்வரை நானும் முகம் சுளித்தவள்தான். கூடவே ஒரு கரக் சாயா.

பொடி, ஊறுகாய் கட்டி எடுத்துப் போங்கள். கசகசா மட்டும் வேண்டவே வேண்டாம், குருமா மசாலாப் பொடியில் அரைத்துப் போட்டிருந்தாலும் வேண்டாம். எமிரேட்ஸிலும் சவுதியிலும் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. வளைகுடாவில் எந்த விமான நிலையத்திலும் அதோடு இறங்காதீர்கள். பான்பராக், குட்கா, மெல்லும் புகையிலை, எதுவும் கூடாது.

மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, தங்கும் நாட்களுக்கு மட்டும் எடுத்துப் போங்கள். டப்பாவில் கொட்டிக் கலந்து கொண்டுபோகும் பழக்கத்தை விடுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் மாதிரி பலத்த வலி மாத்திரை இருந்தால் முன்கூட்டியே அனுமதி வேண்டுமா என்று தூதரகத்தில் கேளுங்கள். அடுத்த வீட்டுக்காரர் 'என் தம்பிகிட்ட கொடுத்துடுங்க' என்று தருகிற பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பிரித்தால் கோபித்துக்கொள்வார் என்றால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஐடிஐ முடித்திருக்கிறேன். விசிட் விசாவில் ஓமன் போய்விட்டால் அங்கே வேலை விசாவாக மாற்றித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். ஒன்றரை லட்சம் கேட்கிறார்.
- பெயர் வேண்டாம், ராமநாதபுரம்

கொடுக்காதே. விசிட்டில் வந்தவரை நாட்டுக்குள் வைத்தே வேலை விசாவுக்கு மாற்றுவதை 2023 அக்டோபர் கடைசியில் ஓமன் நிறுத்தியது. அதற்கு முன்னால் மாற்ற முடிந்த காலத்திலும் இப்படி வந்து ஏமாந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே அறையில் பத்துப் பேர். நாள் கடந்ததும் அபராதம் தினம் ஏறும். போலீஸுக்குப் பயந்து சம்பளம் கேட்க முடியாது, ஊருக்குத் திரும்பவும் முடியாது. சுற்றுலா விசாவில் வேலை செய்வது குற்றம், உன்னை அனுப்பிய ஏஜென்ட் அந்த நேரம் போனை எடுக்க மாட்டான்.

உண்மையான வேலை என்றால் கம்பெனி பெயரும் சம்பளமும் போட்ட ஒப்பந்தம், வேலை விசா, இரண்டும் இங்கேயே கையில் வரும். ஏஜென்ட்டுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு எண் இருக்கும், இ-மைக்ரேட் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர் (குடிபெயர அனுமதி தேவை) என்ற குறிப்பு இருக்கும், அவர்களுக்குக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலக அனுமதியும் வேண்டும். நீ தேறியவனாகவே இருக்கலாம். ஆனாலும் எண்ணைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதே.

ஆடி மாதத்தில் ஓமனின் தெற்கே இருக்கும் சலாலா கேரளா மாதிரி இருக்கும் என்கிறார்களே, உண்மையா? மஸ்கட்டிலிருந்து காரில் போகலாமா?
- டி. வி., நாகர்கோவில்

நாகர்கோவில்காரர் கேரளா பார்க்கச் சலாலா போக வேண்டாம், பஸ் ஏறினால் போதும்! ஆனால் அரபு நாட்டில் சாரல் மழையைப் பார்க்கிற அரபிகளின் முகத்தைப் பார்க்கப் போகலாம். ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை அங்கே கரீஃப் காலம். நமக்குத் தென்மேற்குப் பருவமழை தருகிற அதே காற்றுதான் தோஃபார் மலையை உரசிக்கொண்டு போகிறது. ரியாத்திலும் குவைத்திலும் வெந்துகொண்டிருக்கிற குடும்பங்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கார் ஓட்டி வந்து, பனிமூட்டத்தில் பாய் விரித்து, தூறலில் நனைந்துகொண்டே இறைச்சி சுட்டுச் சாப்பிடுவார்கள். குடை பிடிக்க மாட்டார்கள். நனையத்தானே வந்தோம் என்பார்கள்.

சாலையோரம் இளநீர், வாழைத்தார், பப்பாளிக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே எனக்கு ஊர் ஏக்கம் வந்ததென்றால் அந்தக் கடைகளால்தான். பச்சையாகப் பார்க்க ஆகஸ்ட் பாதிக்கு மேல் போங்கள். ஜூன் கடைசியில் போனால் மூட்டம் இருக்கும், புல் இன்னும் வளர்ந்திருக்காது. ஹோட்டல் வாடகை இரண்டு மடங்கு கேட்பார்கள், முன்பதிவு இல்லாமல் போக வேண்டாம்.

மஸ்கட்டிலிருந்து சாலை சுமார் ஆயிரம் கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி ஒன்றுமே இல்லாத சமவெளி, கண் அயரும். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். என்னைக் கேட்டால் விமானம்.

கரீஃபில் கடலில் கால் நனைக்காதீர்கள், இதுவும் தண்ணீர் எச்சரிக்கைதான். முக்சைல் என்ற இடத்தில் பாறைத் துளைகள் வழியே கடல் பீறிட்டு அடிக்கும், பார்க்கக் கூட்டம் அலைமோதும். 2022 ஜூலையில் தடுப்பைத் தாண்டிப் போட்டோ எடுக்கப் போன இந்தியக் குடும்பத்தை அலை இழுத்துப்போனது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றாலே சட்டை நனையும், அது போதும்.

சலாலாவுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் கோர் ரோரி இருக்கிறது. கழிமுகத்தைப் பார்த்தபடி ஒரு பழைய துறைமுகத்தின் இடிபாடுகள், பெயர் சம்ஹுராம். சாம்பிராணி ஏற்றுமதி நடந்த இடம். நம் ஆட்கள் பலர் அருவியைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். இங்கே இத்தாலிய அகழ்வாய்வுக் குழு 2006-ல் கண்டெடுத்த பானை ஓட்டில் தமிழ்-பிராமி எழுத்து. 'ணந்தை கீரன்' என்று ஓர் ஆள் பெயர், கி.பி. முதல் நூற்றாண்டு என்கிறார்கள். தமிழ் என்று அடையாளம் தெரிந்த செய்தி 2012-ல் வெளியானது. உடைந்த பானையின் ஓட்டை மூடியாகத் தட்டிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். விசா, ஏஜென்ட், இசிஆர் எதுவும் இல்லாமல் போன கீரன்! அந்தக் கல்சுவருக்குப் பக்கத்தில் நின்று கழிமுகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

வாட்ஸ்அப் கால் வருமா? நம் ஊர் சார்ஜர் நுழையுமா?
- பி. ஜே., மதுரை

வாட்ஸ்அப்பில் செய்தியும் படமும் போகும், கால் பெரும்பாலும் இணையாது. வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அம்மா பயந்துவிடுவார். பிளக் சதுர முனை மூன்று கம்பி, அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். வார விடுமுறை வெள்ளி, சனி.

என் அண்ணனின் ஓமனி மேலதிகாரி குடும்பத்தோடு வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறார். எப்படி நடந்துகொள்வது?
- வாசகி, புதுச்சேரி

கொடுத்துவைத்தவர் நீங்கள். ஹோட்டலில் தங்கிவிட்டு வருகிறவர்களுக்கு இது கிடைக்காது. செருப்பை வாசலில் விடுங்கள். ஆண்கள் ஓர் அறைக்கும் நீங்கள் பெண்கள் இருக்கும் அறைக்கும் போவீர்கள், பதறாதீர்கள். பெண்கள் அறையில்தான் சிரிப்பும் பேச்சும். ஆண்களுக்கு நீங்களாகக் கை நீட்ட வேண்டாம், வணக்கம் போதும். உங்கள் அண்ணனும் அந்த வீட்டுப் பெண்களிடம் அப்படியே.

முதலில் பேரீச்சம்பழம், அப்புறம் கஹ்வா. பால், சர்க்கரை இல்லாத, ஏலக்காய் போட்ட காப்பி. கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றுவார்கள். கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள், சூடு ஆறாமல் குடிக்கத்தான் அந்த அளவு. காலி செய்ததும் மறுபடி ஊற்றுவார்கள். நிறுத்த வேண்டும் என்றால் 'போதும் போதும்' என்று சொன்னால் நடக்காது. கிண்ணத்தை விரலில் பிடித்தபடி இடமும் வலமுமாக லேசாக ஆட்டிக் காட்டிவிட்டுக் கொடுங்கள், நிறுத்திவிடுவார்கள். எல்லாம் வலது கையில். முதல் கிண்ணத்தையே வேண்டாம் என்று மறுக்காதீர்கள்.

சாப்பாடு தரையில் விரித்து ஒரே பெரிய தாம்பாளத்தில் சோறும் இறைச்சியும். உங்கள் பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுத்துச் சாப்பிடுங்கள். நல்ல துண்டுகளை வீட்டுக்காரரே பிய்த்து உங்கள் பக்கம் தள்ளுவார். சைவம் என்றால் அண்ணனை முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள், தனியாகச் செய்து வைப்பார்கள். கையில் நல்ல நெய் மைசூர்பாகு ஒரு பெட்டி கொண்டுபோங்கள். சுல்தானைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் கருத்துச் சொல்லாதீர்கள். மொழி கவலை வேண்டாம், பலருக்கு இந்தி தெரியும். உங்களுக்குத்தான் தெரியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெண்களைப் படம் எடுக்கவே கூடாது, குழந்தையை எடுக்கவும் கேட்டுவிட்டு.

திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்? தங்கம் மலிவா?
- ஆர். எல்., விருதுநகர்

தங்கத்தை மறந்துவிடுங்கள். வரி இல்லாமல் நகை கொண்டுவரும் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்து திரும்புகிறவர்களுக்குத்தான். பத்து நாள் சுற்றிவிட்டு வருகிறவர் வாங்கினால் சுங்கத்தில் வரி கட்ட வேண்டும். நீங்கள் போகும்போதே கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு போவதாக இருந்தால், கிளம்பும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது இது என்னுடைய பழைய நகை என்று நிரூபிக்க அதுதான் வழி.

சாம்பிராணி வாங்குங்கள். அங்கே லூபான் என்பார்கள். நாம் வீட்டில் போடுகிறது வேறு மரத்துப் பிசின், இதன் வாசனை எலுமிச்சை கலந்தாற்போல இருக்கும். தோஃபார் மலைக்கு அந்தப் பக்கம் வறண்ட சரிவில் வளரும் மரத்தின் பட்டையைச் சீவிவிட்டு, கசிந்து உறைந்ததைச் சுரண்டி எடுக்கிறார்கள். கட்டி எவ்வளவு வெளிறி, லேசான பச்சை ஓடி, கண்ணாடியாக இருக்கிறதோ அவ்வளவு உயர்த்தி. ஹோஜரி என்று கேளுங்கள். சிவந்து தூசியாக இருப்பது மட்டம், அதை ஹோஜரி விலைக்குத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சலாலாவின் ஹாஃபா கடைத்தெருவில் விற்பது பெரும்பாலும் பெண்கள். தட்டில் கனலை வைத்து ஒரு துண்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கறுப்புப் புகையாக வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். முத்ராவில் பேரம் பேசலாம். சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு குறையும், அதற்கு மேல் மல்லுக்கு நிற்காதீர்கள்.

அல்வா வாங்கினால் நிஸ்வாவில் வாங்குங்கள். நம் முதலூர் மஸ்கோத் அல்வாவை நினைத்துக்கொண்டு வாயில் போடாதீர்கள். அது தேங்காய்ப்பால், இது நெய்யும் குங்குமப்பூவும் பன்னீரும். சின்ன டப்பாவே வாங்குங்கள், ஒரு ஸ்பூனுக்கு மேல் போகாது. அதைக் கைப்பையில் வைத்தால் ஸ்கேனிங்கில் நிறுத்தி யோசிப்பார்கள். பெட்டியில் துணிக்கு நடுவே, இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றி வைத்துவிடுங்கள். நெய் கசியும்.